ஏழு எண்ணுனா எந்திரிக்கிற எலும்புக்கூடு

அந்த எலும்புக்கூட்ட எத்தன தடவ அடிச்சு விழுத்தாட்டியிருப்பேன்னு கேட்டா எனக்கே தெரியாது. ஒரு வீச்சு வீசுனா போதும், பொலபொலன்னு உதிர்ந்துரும். கை ஒரு பக்கம், விலா ஒரு பக்கம், மண்டையோடு உருண்டுக்கிட்டே போயி செவுத்து மூலையில முட்டி நிக்கும். எங்க வீட்டு ஆளு பின்னால உக்காந்து எண்ணுவாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு. நாலுக்கு விரலெலும்பு லேசா அசையும். அஞ்சுக்குக் காலு ரெண்டும் தவழ்ந்து வந்து ஒண்ணு சேரும். ஏழுன்னு சொல்லி அவரு வாய மூடுமுன்ன மண்டையோடு உருண்டு வந்து கழுத்துல ஏறி உக்காந்துக்கும். தூங்கி எந்திரிச்ச ஆளு மாதிரி கழுத்த ஒரு சொடக்குப் போட்டுட்டு, மறுபடி கத்தியத் தூக்கிக்கிட்டு நம்ம மேல வரும். சனியன், வெக்கம் மானம் ஒண்ணும் கெடையாது அதுக்கு.

நான் அடிச்சேன்னு சொன்னேனே, கைதான் என்னது. வெளாட்டு அவரோடது. இடது பக்கம் திருப்பு, ரெண்டடி பின்னால வா, இப்ப வீசுன்னு அவரு சொல்லச் சொல்ல, நான் கம்ப்யூட்டர் பட்டனத் தட்டுவேன். அவரு கையால தட்ட முடியாது. பத்து விரலும் உள்ள மடங்கிப்போயி, தோலு இழுத்து ஒட்டிக்கிடக்கு. சோறே நான்தான் உருட்டிக் குடுக்கேன்.

என் பேரு செல்வலட்சுமி. ஏழாயிரம்பண்ணைக்கு அங்கிட்டு ரெண்டு மைல்ல எங்க ஊரு. என்னய வாயாடின்னு சொல்லுவாக. சொல்லட்டும், வாயிருக்கவ பேசுறா. வெடியாபீஸ்ல, அதான் பட்டாசுக் கம்பெனியில, எனக்குச் சரவெடி பின்னுற வேல. எனக்கு எதுத்தாப்புல உக்காந்து சுப்புத்தாய் மதினி பின்னுவா. பதினோரு வருசம் அவ மூஞ்சிய நானும் என் மூஞ்சிய அவளும் பாத்துக்கிட்டே பின்னியிருக்கோம். எங்க வீட்டு ஆளு காளீஸ்வரனும் மதினி வீட்டுக்காரரு சங்கரலிங்கம் அண்ணனும் அங்கனயே வெடிமருந்து கலக்குற ரூம்ல இருந்தாக. அலுமினியப் பவுடர்ல கெடக்குற வேல. சாயங்காலம் ரெண்டு பேரும் வெளிய வந்தா உச்சியில இருந்து பாதம் வரைக்கும் வெள்ளியா மின்னும். கண்ணும் பல்லும் மட்டுந்தான் மனுசனோடதுன்னு தெரியும். வேன்ல ஏறுறதுக்குள்ள ரெண்டு பேரும் பண்ற கேலிக்கு நாங்க சிரிச்சுச் சிரிச்சு வயிறு நோகும்.

போன பங்குனியில, ரெண்டாயிரத்து ஏழுல, அந்த ரூம் வெடிச்சுப் போயிருச்சு. சங்கரலிங்கம் அண்ணனும் போயிட்டாரு. எங்க வீட்டு ஆளு வாசல்ல நின்னாரு, ஓடிட்டாரு. தீ பின்னாலயே வந்து பிடிச்சப்ப ரெண்டு கையாலயும் மூஞ்சியப் பொத்திக்கிட்டாரு. மூஞ்சி தப்பிச்சுருச்சு, கை போச்சு.

ஓடுனது தப்பில்ல. எங்க தொழில்ல மொத நாளே சொல்லிக் குடுக்குறது அது ஒண்ணுதான். பத்திக்கிச்சுன்னா ஓடு. தூக்குச்சட்டிய எடுக்காத, ஆளப் பேரு சொல்லிக் கூப்பிடாத, திரும்பிப் பாக்காத. திரும்பிப் பாத்தவுக செத்தவுக எண்ணிக்கையில சேந்துருவாக. ஊருல ஒருத்தரும் அவர ஒரு வார்த்த சொல்லல. சுப்புத்தாய் மதினியும் சொல்லல.

ஆனா அவரு துக்கம் கேக்கப் போகல. காரியம் நடந்தப்ப மதுரையில ஆஸ்பத்திரியில கெடந்தாரு, சரி. மூணு மாசங் கழிச்சு வீட்டுக்கு வந்தாரே, ரெண்டு தெரு தள்ளித்தான மதினி வீடு, ஒரு எட்டுப் போயி அந்தப் படியேறி உக்காந்துட்டு வரணுமா இல்லையா? எங்க பக்கம் துக்கம் கேக்காத வீட்டோட பேச்சு வச்சுக்க மாட்டாக. நல்லதுக்கும் கூப்பிட மாட்டாக. நான் தனியாப் போயிப் பாத்தேன். மதினி உள்ளயிருந்து, காளீஸ்வரன் அண்ணன் எப்ப வருவாகன்னு ஒரு கேள்வி கேட்டா. அடுத்த மாசமும் அதே கேள்வி. அதுக்கப்புறம் கேக்கல. வேற கம்பெனிக்குப் போயிட்டா. கொழாயடியில நான் நின்னா கொடத்த எடுத்துக்கிட்டு அடுத்த கொழாய்க்கு நடந்துருவா. அவ மூஞ்சியப் பாக்காம எனக்குச் சரமே சரியா வரல. ஒரு நாளைக்கு நாலு எடத்துல விட்டுப்போகுது, சூப்பர்வைசர்கிட்ட ஏச்சு வாங்குறேன்.

இப்ப வருசம் திரும்புது. பங்குனி கடைசி வெள்ளிக்குத் தெவசம். அது முடிஞ்ச மறுநாளே மதினி எட்டயபுரம் பக்கம் அவ அண்ணன் வீட்டோட போயிர்றாளாம். கொழாயடியில பேசிக்கிட்டாக. அப்பயிருந்து எனக்கு வேற நெனப்பே இல்ல. அதுக்குள்ள இந்த மனுசன் அந்தப் படிய ஏறணும். ஏறலைன்னா, அவளும் போயிருவா, இவரும் இப்படியே செவுத்தப் பாத்துக் கெடப்பாரு.

கம்ப்யூட்டர் வந்த கதையச் சொல்றேன். என் தம்பி செல்லப்பாண்டி சாத்தூர்ல பஸ் ஸ்டாண்டு பக்கத்துல கேம் சென்டர் வச்சிருக்கான். இவரும் சங்கரலிங்கம் அண்ணனும் ஞாயித்துக்கெழமையானா அங்கனதான் கெடப்பாக. நாப்பது வயசுல வெளாட்டு என்ன வெளாட்டுன்னு நானும் மதினியும் திட்டாத திட்டு இல்ல. போன தையில தம்பி புதுசா நாலு கம்ப்யூட்டர் வாங்குனான். பழசுல ஒண்ணத் தூக்கிக்கிட்டு வந்து, மச்சானுக்குப் பொழுது போகும்னு வச்சுட்டுப் போனான். போட்டுப் பாத்தா அதே மூணாம் நம்பர் மெஷினு, அதே ஆட்டம். ரெண்டு பேரும் கடைசியா நிறுத்துன எடத்துலயே நிக்குது.

கழுத்துல செவப்புத் துண்டு சுத்துன ஒரு பய. அவந்தான் ஆட்டத்துல நம்ம ஆளு. எதோ ஒரு ராசா காலத்துக் கோட்டை. கோட்டைக்கு அடியில ஒரு கல் ரூம், ஒரே ஒரு கதவு. நீலமா வெளிச்சம், எங்கிட்டோ தண்ணி சொட்டுற சத்தம். அந்த ரூம்ல இந்த எலும்புக்கூடு. மத்த எலும்புக்கூடெல்லாம் ஒரு மாதிரி மஞ்சளா இருக்குமாம். இது மட்டும் வெள்ளி பூசுனாப்புல மின்னும். அத விழுத்தாட்டுனாத்தான் எதுத்த செவுரு தொறக்கும். அது விழும், ஆனா விழுந்தே கெடக்காது.

தம்பி பட்டனெல்லாம் சொல்லிக் குடுத்தான். மொதல்ல எனக்குச் சிரிப்பாணியா வந்துச்சு. அந்தப் பயல நடக்கச் சொன்னா செவுத்துல போயி முட்டுவான். அப்புறம் பழகிப்போச்சு. ஒரு பழக்கம் மட்டும் விடல. ரூமுக்குள்ள நொழையுமுன்ன வாசல்ல ஒரு நிமிசம் அவன நிப்பாட்டுவேன். எங்க ஆபீஸ்ல செம்புத் தகடு அடிச்சிருக்கும். அதத் தொட்டு ஒடம்புல இருக்க கரண்ட எறக்கிட்டுத்தான் உள்ள காலு வைப்போம். இவனுக்குத் தகடு இல்ல, சும்மாவாச்சும் நிக்கட்டுமே.

தெனம் சாயங்காலம் வேன விட்டு எறங்கி, குளிச்சுட்டு, அவருக்குக் காப்பியக் குடுத்துட்டு உக்காருவேன். சன்னல்ல சேலையத் தொங்கவிட்டுட்டா வீட்டுக்குள்ளயும் அந்த நீல வெளிச்சந்தான். அவரு எண்ணுற சத்தம், தண்ணி சொட்டுற சத்தம், எலும்பு நவுந்து நவுந்து ஒண்ணு சேர்ற சத்தம். அதக் கேட்டுக்கிட்டே இருந்தா எனக்குக் கண்ணு சொருகும். நான் எங்கன இருக்கேன்னே தெரியாது. வீட்டுத் தரை அந்தக் கல்லுத் தரையோட சேந்துபோன மாதிரி, நான் எந்திரிச்சு நடந்தா அந்த ரூமுக்குள்ள போயிரலாம்ங்கிற மாதிரி இருக்கும். பயமே இருக்காது, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஞாயித்துக்கெழம மத்தியானம் பாதி ஆட்டத்துல கரண்டு போயிரும். ரெண்டு மணி நேரம் வராது. நாங்க ரெண்டு பேரும் எந்திரிக்க மாட்டோம். இருட்டுன கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்போம். ஒரு நாளு அப்படியே தூங்கிட்டேன். கனவுல எங்க ஷெட்டு. வரிசையா எலும்புக்கூடு உக்காந்து சரம் பின்னுது. விரலெலும்புல எவ்வளவு நறுவிசு தெரியுமா, ஒரு வெடி விட்டுப்போகல. எனக்கு எதுத்தாப்புல மதினி எடத்துல ஒண்ணு உக்காந்து, பின்னுன சரத்த என் மடியில வச்சுக்கிட்டே இருக்கு. வெயிலு சாஞ்சு விழுது, எல்லாரு மேலயும் வெள்ளித் தூசி. எதோ கேக்கணும்னு அது வாயத் தொறக்குது, சத்தம் வரல. முழிச்சுப் பாத்தா ஃபேனு சுத்துது, கரண்டு வந்துருச்சு. அவரு எனக்கு முன்னாலயே முழிச்சு, இருட்டுக் கம்ப்யூட்டரப் பாத்தே எண்ணிக்கிட்டு இருந்தாரு.

எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கல. விழுத்தாட்டு, எண்ணு, எந்திரிக்கட்டும், மறுபடி விழுத்தாட்டு. ரெண்டு மாசமா இதே. வேற ரூமு எதுக்காச்சும் போவமான்னா வேணாம்பாரு. ஆனா அது எந்திரிச்சு நிக்கிறப்ப மட்டும் அவரு மூஞ்சியில ஒரு தெளிச்சி வரும். தோக்குற ஆளுக்கு என்னத்துக்குத் தெளிச்சின்னு நெனப்பேன். கேக்கல. வாயாடிக்கும் சில நேரம் வாயடைச்சுப் போகும்.

தெவசத்துக்கு அஞ்சு நாளு இருக்கப்ப, ஞாயித்துக்கெழம காலையில தம்பி வந்தான். பின்னால நின்னு கொஞ்ச நேரம் பாத்தான். பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிக்கான். என்னலே பல்லக் காட்டுறன்னேன். மூலையில கறுப்பா ஒரு உருண்டைப் படம் இருக்கே, அது என்னன்னு தெரியுமான்னு கேட்டான். அதப் பாத்திருக்கேன். அணுகுண்டு வெடி மாதிரி இருக்கும், திரிய இம்புட்டுக் கட்டையா வச்சிருக்கானே எந்தக் கம்பெனிக்காரன்னுகூட நெனச்சிருக்கேன். அது பக்கத்துல நாப்பத்தி மூணுன்னு போட்டிருக்கு. நாப்பத்தி மூணு குண்டு பைக்குள்ள வச்சிருக்கீகன்னான் தம்பி. விழுந்த எலும்பு மேல ஒண்ணப் பத்தவச்சுட்டு வெளிய ஓடியாந்தா தூளாப் போயிரும், அப்புறம் எந்திரிக்காது, சாத்தூர்ல மூணாங்கிளாஸ் படிக்கிற பயலுக்குக்கூட இது தெரியும்னான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. குண்டு வைக்கிறதுங்கிற நெனப்பே எனக்கு வரல, சத்தியமா. ஒத்தக் கதவு ரூமு. சன்னல் கெடையாது. செவுத்துல தீவட்டி எரியுது. அங்கன போயி எவளாச்சும் மருந்தப் பத்தவைப்பாளா? எங்க ஆபீஸ்ல ஒரு ரூமுன்னா எதுத்தாப்புல எதுத்தாப்புல ரெண்டு கதவு இருக்கும். கதவு வெளிப்பக்கம் பாத்துத்தான் தொறக்கும். அப்படி இல்லாத எடத்துல பொட்டு மருந்த எடுக்கவும் எங்களுக்குக் கை வராது. தம்பி தலையில அடிச்சுக்கிட்டு, யக்கா இது வெறும் படம்னான். மத்தியானச் சாப்பாட்டுக்கு நிக்காம பஸ்ஸுக்குப் போயிட்டான்.

அவன் போனதும் நான் உக்காந்தேன். எனக்குக் கோவம். ரெண்டு மாசம் இந்த எழவோட மல்லுக்கட்டியிருக்கேன், கையில நாப்பத்தி மூணு குண்ட வச்சுக்கிட்டு. ஒரு வீச்சுல விழுத்தாட்டுனேன். குண்டு பட்டன் மேல விரல வச்சேன். பின்னால எண்ணுற சத்தத்தக் காணோம். மடங்கிப்போன கை ஒண்ணு என் கை மேல விழுந்துச்சு. அமுக்கக்கூட அந்தக் கையில பலமில்ல, சும்மா கெடந்துச்சு.

"வேணாம் லச்சுமி. அவன ரெண்டாந்தடவையுமா?"

நான் திரும்பிப் பாத்தேன். அதுக்குள்ள ஏழாயிப்போச்சு. எலும்புக்கூடு எந்திரிச்சு, கழுத்தச் சொடக்குப் போட்டுட்டு நின்னுச்சு. வெள்ளியா மின்னுச்சு. அப்பத்தான் எனக்கு ஒறச்சுச்சு. ரெண்டு மாசமா யாரு எந்திரிக்கிறத இந்த மனுசன் எண்ணிக்கிட்டு இருந்தாருன்னு. எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு. அழுகை வந்தா எனக்குக் கோவமும் சேந்துதான் வரும். நல்லாக் கேட்டேன். படத்துல எலும்பா நிக்கிறவர எந்திரி எந்திரின்னு எண்ணத் தெரியுதே, ரெண்டு தெரு தள்ளி அவரு பொண்டாட்டி உசுரோட உக்காந்திருக்காளே, அவள ஒரு தடவ போயிப் பாக்கத் துப்பில்லையா, ஓடுனத ஒருத்தரும் குத்தம் சொல்லாதப்ப இன்னும் என்ன பயம்னு கேட்டேன்.

 அப்புறம் சொன்னாரு. ஒரு வருசமா நெஞ்சுக்குள்ள பூட்டி வச்சிருந்தத அன்னைக்குத்தான் எங்கிட்டச் சொன்னாரு.

அன்னைக்கு ரூம்ல ரெண்டு பேரும் இந்த ஆட்டத்தப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருந்தாகளாம். இந்த எலும்புக்கூடு உன்னய மாதிரியே மின்னுதுன்னு இவரு அண்ணனக் கேலி பண்ணியிருக்காரு. குண்டு வச்சாத்தான் அது ஒழியும்னு அண்ணன் சொல்லியிருக்காரு. மூடுன ரூம்ல குண்டான்னு இவரு பயந்திருக்காரு. வெளாட்டுலகூடப் பயந்து சாகுறியேன்னு அண்ணன் சிரிச்சாராம். இவருக்கும் சிரிப்பு அடங்கல. தண்ணி குடிக்க வாசலுக்கு வந்திருக்காரு. பின்னாலயிருந்து அண்ணன் சொன்னது இவரு காதுல விழுந்துச்சாம்.

"ஞாயித்துக்கெழம நான் குண்ட வைக்கேன் மாப்ள, நீ வெளிய ஓடிரு."

அம்புட்டுத்தான். சொம்பு வாய்க்குப் போகல. அதுக்குள்ள ரூமு போயிருச்சு.

"இத நான் எப்படிப் போயிச் சொல்லுவேன்? நீ ஓடிருன்னு உன் புருசன் சொன்னான், நான் ஓடிட்டேன்னா? செத்தவன் வாயில என் நியாயத்தத் திணிச்ச மாதிரி இருக்காதா? எவன் நம்புவான்?"

 அவரு சொல்றதுல இருக்க நெசம் எனக்கே சுருக்குன்னு குத்துச்சு. வேற எவனாச்சும் வந்து இப்படிச் சொன்னா நானே, பொழச்சுக்கிட்டு வந்து கத கட்டுறான்னு சொல்லியிருப்பேன். கொஞ்ச நேரம் எலும்புக்கூட்டப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். நம்ம பய அசையாட்டா அதுவும் கிட்ட வராது; எங்களப் பாத்துக்கிட்டு, செவப்புத் துண்டுக்காரன ஒண்ணும் பண்ணாம, நின்ன எடத்துல லேசா ஆடிக்கிட்டே நின்னுச்சு. தண்ணி சொட்டுற சத்தம் மட்டும் வீடு பூராக் கேட்டுச்சு.

அப்புறம் எந்திரிச்சேன். அது சங்கரலிங்கம் அண்ணன் கடைசியாப் பேசுன பேச்சு, அது மதினியோட பொருளு, அடுத்தவ பொருள ஒரு வருசமா நம்ம வீட்ல வச்சிருக்கோம், நம்புறதும் நம்பாததும் அவ பாடுன்னு சொன்னேன். வெள்ளச் சட்டைய எடுத்து அவருக்குப் போட்டுவிட்டு, பட்டன மாட்டுனேன். வேணாம்னு சொல்லுவாருன்னு பாத்தேன். சொல்லல. கையத் துண்டால மூடப் போனாரு. நான் துண்டப் பிடுங்கிக் கொடியில போட்டுட்டேன்.

ரெண்டு தெருதான். அன்னைக்கு எனக்கு அது சாத்தூருக்கு நடக்குற தூரமா இருந்துச்சு. வெயிலு கண்ணக் கூசுது. ஞாயித்துக்கெழமங்கிறதால தெருவுல எல்லாரும் வீட்டு வாசல்ல இருக்காக. எங்களப் பாத்ததும் பேச்சு நின்னுபோச்சு. அவரு காலு மண்ணுல பாவுதா பாவலையான்னே தெரியல. நான் அவரு முழங்கைக்கு மேல பிடிச்சுக்கிட்டு வந்தேன்.

மதினி முத்தத்துல வத்தல் காயப்போட்டுக்கிட்டு இருந்தா. நிமிந்து பாத்தா. மொதல்ல அவரு மூஞ்சியப் பாத்தா, அப்புறம் கையப் பாத்தா. பாத்த கண்ண எடுக்கல. வாங்கன்னு சொல்லல. எந்திரிச்சு உள்ள போயி ஒரு பாய விரிச்சா. அவரு உக்காரல. படியில நின்னுக்கிட்டே சொன்னாரு. தங்கச்சின்னு ஆரம்பிச்சவரு, ஒரு எடத்துலயும் நிறுத்தாம, எங்கிட்டச் சொன்னத அப்படியே சொன்னாரு. எலும்புக்கூட்டையும் விடல, தண்ணிச் சொம்பையும் விடல. அண்ணன் கடைசியாச் சொன்னதையும் சொன்னாரு. நான் தரையப் பாத்துக்கிட்டு நின்னேன். 

மதினி அழுவான்னு நெனச்சேன், இல்லாட்டி வெளிய போங்கன்னு சொல்லுவான்னு நெனச்சேன். அவ ரெண்டும் பண்ணல.

"நான் வைக்கேன், நீ ஓடிருன்னா சொன்னாரு?"

"ஆமா தாயி."

"எனக்கும் அதேதான் சொல்லுவாரு. கல்யாணமாயி மொதத் தீவாளியில இருந்து. ஒரு புஸ்வாணங்கூட என்னய வைக்க விட்டதில்ல. நான் வைக்கேன் நீ ஓடிரு, நான் வைக்கேன் நீ ஓடிரு. அந்தக் கொரலு எப்படி இருக்கும்னு நெனச்சு நெனச்சுப் பாக்கேன், மறந்துக்கிட்டே வருது. இத ஒரு வருசமா வச்சுக்கிட்டு வராம இருந்திட்டீகளேண்ணே."

அப்பத்தான் அழுதா. நானும் அழுதேன். அவரு படியிலயே மடங்கி உக்காந்துட்டாரு, கண்ணத் தொடைக்க அவருக்குக் கை இல்ல. மதினிதான் சேல முந்தியால தொடச்சுவிட்டா. கோவத்தோடதான் தொடச்சா, அழுத்தி அழுத்தி. தொடச்சுட்டு, சிரிச்சுக்கிட்டா இருந்தாருன்னு கேட்டா. ஆமா, சிரிச்சுக்கிட்டேதான் இருந்தான்னாரு. அத மறுபடி கேட்டா. மறுபடியும் சொன்னாரு. மூணு தடவ கேட்டுட்டு மூஞ்சியக் கழுவிட்டு வந்து, அந்த எலும்புக்கூடு எங்க இருக்கு, நான் பாக்கணும்னா.

கூட்டிக்கிட்டு வந்தோம். தெருவுல மூணு பேரு சேந்து நடக்குறத ஊரே பாத்துச்சு. பாக்கட்டும். வீட்டுக்குள்ள அந்த நீல வெளிச்சம் அப்படியே இருந்துச்சு, நான் நிறுத்தாமப் போயிட்டேன். எலும்புக்கூடு நின்ன எடத்துலயே ஆடிக்கிட்டு இருந்துச்சு. மதினி கிட்டப் போயிக் குனிஞ்சு பாத்தா. ரொம்ப நேரம் பாத்தா. 

"இதா அவரு? எங்க ஆளு தொந்தி எம்புட்டு இருக்கும், மூணு பேரு சோத்த ஒத்தையில திம்பாரு. இந்த ஒணக்கப் பய எங்கன, அவரு எங்கன? உங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாண்ணே?"

நான் வாயப் பொத்துனேன், அடக்க முடியல, சிரிச்சுட்டேன். மதினியும் சிரிச்சா. ஒரு வருசங்கழிச்சு அந்தச் சிரிப்பக் கேட்டேன். அவருகூட, கண்ணுல தண்ணியோட, ஒரு மாதிரிச் சிரிச்சாரு.

சிரிச்சு முடிச்சுட்டு மதினி பாயில உக்காந்தா. அவரு எலும்புக்கூடு இல்லண்ணே, குண்டு வைக்கணும்னு சொன்ன ஆளு அவரு, ஞாயித்துக்கெழம வைக்கேன்னு சொன்னாரு, இன்னைக்கும் ஞாயித்துக்கெழமதான், லச்சுமிய வைக்கச் சொல்லுங்கன்னா. நான் அவரப் பாத்தேன். அவரு தலைய ஆட்டுனாரு. கதவு நல்லாத் தொறந்திருக்கான்னு பாத்துக்கன்னாரு.

பாத்தேன். செவப்புத் துண்டுக்காரன மொதல்ல கதவு வரைக்கும் ஒரு நடை நடத்திப் பாத்தேன், வழியில ஒண்ணும் தட்டுதான்னு. திரும்பி வந்து ஒரே வீச்சு, எலும்பு உதிர்ந்துச்சு. ஒண்ணுன்னாரு அவரு. குண்ட வச்சேன். திரி சர்ருன்னு பிடிச்சுச்சு. கட்டத் திரி, படுபாவிப் பயக. ரெண்டுன்னாரு. நான் ஓட்டுனேன், என் விரலு அந்தப் பட்டன ஒடச்சுப்புடும்போல அமுக்குச்சு. மூணு. கதவத் தாண்டிட்டான்.

படாருன்னு சத்தம் வந்துச்சு.

கொஞ்ச நேரங்கழிச்சுத்தான் எனக்கு எங்கன இருக்கோம்னு தெரிஞ்சுச்சு. மூணு பேரும் வாசப் பக்கம் பாத்து நிக்கோம். நான் எப்ப எந்திரிச்சேன்னே தெரியாது. மதினி காத ரெண்டையும் பொத்தியிருக்கா. அவரு மடங்குன கை ரெண்டும் மூஞ்சி மேல இருக்கு. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. ரெண்டு மாசமா மல்லுக்கட்டுன எலும்புக்கூடு எப்படித் தூளாச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது.

எந்திரிச்சிருச்சான்னு மதினி மெல்லமாக் கேட்டா.  அவரு விட்ட எடத்துலயிருந்து எண்ணுனாரு. நாலு. அஞ்சு. ஆறு. ஏழுக்கு நின்னுட்டாரு. மதினி அவரோட சேந்து எட்டுன்னா. ஒம்பது, பத்துன்னு அவளே எண்ணிக்கிட்டுப் போனா. இருவதுல நாங்க மூணு பேரும் திரும்புனோம்.

ரூமு காலியா இருந்துச்சு. தரையில லேசா வெள்ளித் தூசி, அம்புட்டுத்தான். எதுத்த செவுரு தொறந்து, வெளிய விடியுற நேரத்து வெளிச்சத்துல ஒரு புல்லுக்காடு தெரிஞ்சுச்சு. இங்கிட்டுக் கதவுக்கு வெளிய, ஓடச்சொன்ன எடத்துல, அந்தச் செவப்புத் துண்டுக்காரன் மூச்சு வாங்கிக்கிட்டு நின்னான்.

மதினி அந்தப் புல்லுக்காட்டப் பாக்கல. அவனத்தான் பாத்தா.

"இவன் பொழச்சுக்கிட்டான்ல?"

"பொழச்சுக்கிட்டான் தாயி."

"அதுக்குத்தான ஓடச் சொன்னாரு."

முந்தியச் செருகிக்கிட்டு எந்திரிச்சா. வத்தல் காயுது, காக்கா தின்னுரும்னா. வாசல்ல நின்னு, வெள்ளிக்கெழம வெள்ளன வந்துருங்கண்ணே, அவரு படத்துக்கு நீங்கதான் மால போடணும்னா. இந்தக் கையாலயான்னு கேட்டாரு. அந்தக் கையாலதான், லச்சுமி பிடிச்சுக்கிருவான்னு சொல்லிட்டுப் போனா.